எம்.ஜி.பி எஞ்சினுக்கு உயர் கம்பிரஷன் பிஸ்டன்: கொழும்பிலிருந்து ஓடர் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை

கடுகண்ணாவை ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போனபோது, தகரப் பேணிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்டது. என் எம்.ஜி.பியின், அதாவது பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின், எஞ்சினைப் புதிதாகக் கட்டி 900 கிலோமீற்றர்கூட ஓடியிருக்கவில்லை. டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், கொஞ்சம் பிசகியிருக்கும், கண்டிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அப்படியே ஏறினேன். பேராதனை வருமுன் பின்னால் நீலப் புகை. திரும்ப எஞ்சினைத் திறந்தபோது மூன்றாம் பிஸ்டனில், ரிங்குகளுக்கு நடுவேயுள்ள விளிம்பு உடைந்திருந்தது.

காரணம் எளிமையானது. கட்டலொக்கில் 'உயர் கம்பிரஷன்' என்று போட்டிருந்த தட்டைத் தலைப் பிஸ்டன் செட்டை, என் எஞ்சினில் ஒன்றையுமே அளக்காமல் வாங்கிப் போட்டுவிட்டேன். பிறகு அளந்து பார்த்தால் கம்பிரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்) 10.3க்கு 1. வார்ப்பிரும்பு ஹெட், அரைவாசி நேரம் 92 ஒக்டேன் பெற்றோல், கொழும்பு வெயில். தாக்குப்பிடிக்க வழியே இல்லை. அமுக்கம் கூடிப் பெற்றோல் கலவை தானாகவே வெடிப்பதைத்தான் நொக்கிங் என்கிறோம், நான் கேட்ட சத்தம் அதுதான். ஒக்டேன் என்பது பெற்றோல் அதை எவ்வளவு தாங்கும் என்ற எண்.

இரண்டாம் தடவை சரியாகக் கட்டினேன். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 1798 சி.சி. எம்.ஜி.பிக்கு உரியவை. உங்களுடையது மிட்ஜெட், ஸ்பிற்ஃபயர் போன்ற வேறு பழைய பிரித்தானியக் கார் என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

1. முதலில் பெற்றோலைத் தீர்மானியுங்கள்

பிஸ்டன் கட்டலொக்கைத் திறக்குமுன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்: உங்கள் கார் வாழ்நாள் முழுவதும் எந்தப் பெற்றோலைக் குடிக்கப்போகிறது?

இங்கே எல்லா இடத்திலும் கிடைப்பது 92. 95 கொழும்பில் தாராளமாக உண்டு. வெளியூரில் சிறிய நிரப்பு நிலையமாக இருந்தால் 'இண்டைக்கு இல்லை' என்பார்கள். 2022ஐ நினைத்துப் பாருங்கள். வரிசையில் கிடந்து, பிறகு கியூஆர் அட்டைக்குக் கிடைத்த அளவை வாங்கிக்கொண்டு போன காலத்தில் 92ஆ 95ஆ என்று தெரிவுசெய்யும் நிலையில் யாரும் இருக்கவில்லை. அப்படி ஒரு காலம் திரும்ப வந்தாலும் ஓடக்கூடிய எஞ்சினாகத்தான் கட்ட வேண்டும் என்பது என் முடிவு. 95ஐ நம்பிக் கட்டலாம், ஆனால் 92 ஊற்றினால் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு எடுத்து வீடு வந்து சேரக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்த எஞ்சினின் வழமையான தொழிற்சாலை உயர் கம்பிரஷன் அளவே 8.8க்கு 1தான். அதுவும் 97 ஒக்டேன் உள்ள இங்கிலாந்தின் நான்கு நட்சத்திரப் பெற்றோல் புழங்கிய காலத்துக் கணக்கு. இதே எஞ்சின் 8.0க்கு 1 என்ற தாழ் கம்பிரஷன் அளவிலும் வந்தது. வார்ப்பிரும்பு ஹெட், சாதாரண கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) என்று வைத்துக்கொண்டு நான் சொல்வது இது: 92 மட்டும்தான் என்றால் 9ஐத் தாண்ட வேண்டாம். 95 வழமையாக ஊற்றுவீர்கள் என்றால் 9.2இலிருந்து 9.5 வரை. 10க்கு மேல் என்பது பந்தயத் திடலுக்கு, கொழும்பு வீதிக்கு அல்ல.

அமெரிக்காவில் இருப்பவர்கள் எழுதியதை வாசிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அவர்களுடைய பம்பில் எழுதியிருக்கும் ஒக்டேன் வேறு அளவுகோல். அங்கே 87 என்பது எங்கள் 92க்குக் கிட்ட வரும், அங்கே 91 என்பது எங்கள் 95க்குச் சற்று மேலேயே நிற்கும். '91இல் 9.7 நன்றாக ஓடுகிறது' என்று ஒரு அமெரிக்கர் எழுதியிருந்தால், எங்கள் 92இலும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

கம்பிரஷனைக் கூட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 8.8ஐ 9.5 ஆக்கினால் ஏட்டுக் கணக்குப்படி வினைத்திறன் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் உயரும். 95 குதிரைவலு என்று சொல்லப்பட்ட எஞ்சினில் அது ஏறக்குறைய 2 குதிரைவலு. 10.5க்குப் போனாலும் 5 சதவீதம் வராது. அக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் சுறுசுறுப்பாகப் பதில் சொல்வது தெரியும், அது உண்மையான இன்பம். ஆனால் அந்தக் கடைசி 2 சதவீதத்துக்காக எஞ்சினைப் பணயம் வைக்கக் கூடாது.

2. உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின் என்று உறுதிசெய்யுங்கள்

இலக்கம் பிளொக்கில் ஆணி அடித்த சிறிய தகட்டில் இருக்கும். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் கிராங்குக்கு மூன்று பெயாரிங். 18ஜிபியும் அதற்குப் பின் வந்தவையும் ஐந்து பெயாரிங். 18வி பிற்காலத்தது. தொடர் இலக்கத்தோடு ஒட்டி வரும் எச் எழுத்து உயர் கம்பிரஷனையும் எல் எழுத்துத் தாழ் கம்பிரஷனையும் குறிக்கும். ஆனால் அந்த எழுத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். அரை நூற்றாண்டுக்குள் எத்தனை கை பட்டிருக்கும், உள்ளே யாருடைய பிஸ்டன் இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும்.

மிக முக்கியமானது கொன்ரொட், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு. பிஸ்டனையும் கொன்ரொட்டையும் இணைக்கும் பின், காலத்துக்குக் காலம் மூன்று விதமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது: போல்ட்டால் இறுக்கியது, சேர்க்ளிப் போட்டு மிதக்க விட்டது, அழுத்திப் பொருத்தியது. ஒன்றுக்கு வாங்கிய பிஸ்டன் மற்றதற்குப் போகாது. கொன்ரொட்டின் சின்ன முனையை வடிவாக வெளிச்சத்தில் படம் பிடித்து, விற்பவருக்கு அனுப்பி, 'இதற்குப் பொருந்துமா' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

இந்தக் கட்டத்திலேயே மோட்டார் வாகனப் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் தகட்டிலுள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் அதைத் தீருங்கள், பிஸ்டன் காத்திருக்கும். ஒத்துப்போனால் தகட்டைப் படம் எடுத்து, கழற்றி, வீட்டில் பத்திரமாக வையுங்கள். பிளொக்கைக் காரத் தொட்டியில் போட்டுக் கழுவும்போது தகடு தொலைந்து போவது சாதாரணமாக நடக்கிற விஷயம். தகடு இல்லாத எஞ்சினுக்குப் பிறகு நீங்கள்தான் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

3. அளவெடுங்கள்

இந்தப் படியைத் தாண்டியதால்தான் என் முதல் எஞ்சின் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பிரஷன் விகிதம் என்பது பிஸ்டன் கீழே நிற்கும்போது மேலேயுள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்து வரும் எண். பிஸ்டன் துடைத்தெடுக்கும் இடம் போர் அளவையும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) வைத்துக் கணக்கில் வந்துவிடும். மிஞ்சும் இடத்தைத்தான் அளக்க வேண்டும். அது ஐந்து துண்டுகள் சேர்ந்தது: ஹெட்டிலுள்ள அறை, கெஸ்கெட்டின் தடிப்பு, பிஸ்டன் உச்சிக்கும் பிளொக் மேற்பரப்புக்கும் இடைவெளி, பிஸ்டன் தலையிலுள்ள குழி, முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனைச் சுற்றியுள்ள சிறு சந்து.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பாவிக்கும் 50 மி.லீ. பியூரெட் ஒன்று. 6 மி.மீ. தடிப்புள்ள பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) துண்டு, ஓரத்தில் ஒரு சிறு துளையுடன். கிறீஸ். கொஞ்சம் மண்ணெண்ணெய், கண்ணுக்குத் தெரிய ஏதாவது நிறம் கலந்து. டயல் கேஜும் மைக்ரோமீற்றரும் வேலைத்தளத்தில் இரவல் கேட்டால் தருவார்கள்.

ஹெட்டைக் கவிழ்த்துச் சமமாக வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் போட்டு, அறையின் விளிம்பில் மெல்லியதாகக் கிறீஸ் பூசி, பேர்ஸ்பெக்ஸை அழுத்தி ஒட்டுங்கள். துளை வழியாகப் பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் நிரம்பும்வரை எவ்வளவு போனது என்று குறியுங்கள். நான்கு அறைகளையும் அளக்க வேண்டும். எனக்கு 41.6, 42.0, 42.1, 42.3 என்று வந்தது. தொழிற்சாலையிலிருந்து 8.8 என்று வந்த எஞ்சினுக்கு இது குறைவு. முன்பு யாரோ ஹெட்டைச் சீவியிருக்கிறார்கள் என்பது அந்த எண்ணிலேயே தெரிந்தது.

பிஸ்டன் உச்சி வந்ததும் பிளொக் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று டயல் கேஜால் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் ஆடும், ஆகவே பிஸ்டன் பின் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வைத்து அளக்க வேண்டும். என்னுடையது 0.5 மி.மீ. கெஸ்கெட்டுக்குப் பாவித்த பழைய கெஸ்கெட்டையே அளந்து பாருங்கள், புதியதை அளந்தால் இறுகாத தடிப்புத்தான் வரும். 0.8 மி.மீ., கெஸ்கெட்டின் வட்டம் 83 மி.மீ., ஆக 4.3 சி.சி. பிஸ்டன் குழியை அதே பேர்ஸ்பெக்ஸ் முறையில் அளந்தேன், 7 சி.சி. ரிங் சந்துக்கு 0.5 சி.சி. போட்டேன்.

இப்போது கணக்கு. எம்.ஜி.பியின் அசல் போர் 80.26 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. அசல் அளவில் ஒரு சிலிண்டர் துடைத்தெடுப்பது 449.8 சி.சி. என்னுடையதை 40 தவ், அதாவது 0.040 அங்குலம், பெரிதாக்க வேண்டியிருந்தது. அப்போது போர் 81.28 மி.மீ., துடைத்தெடுப்பது 461.2 சி.சி. 0.5 மி.மீ. இடைவெளிக்கு 2.6 சி.சி.

குழிப் பிஸ்டனோடு: 42 + 4.3 + 2.6 + 7 + 0.5 = 56.4 சி.சி. 461.2ஐ 56.4ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 9.2.

தட்டைத் தலைப் பிஸ்டனோடு: குழியின் 7 சி.சி. இல்லை, ஆக 49.4 சி.சி. விகிதம் 10.3.

பாருங்கள், ஒரு தேநீர்க் கரண்டி ஒன்றரை அளவு இடம்தான் வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள். இதே ஹெட், இதே குழிப் பிஸ்டன் அசல் போரில் இருந்தால் 9.0. பிஸ்டன் வகையையே மாற்றாமல், போரைப் பெரிதாக்கிய ஒரே காரணத்தால் 9.2க்கு வந்துவிட்டது. அதாவது உயர் கம்பிரஷன் பிஸ்டன் தேடி அலைந்த எனக்கு, சாதாரணக் குழிப் பிஸ்டனே நான் கேட்டதைத் தந்திருக்கும்.

பிளொக்கின் மேற்பரப்பை 0.1 மி.மீ. சீவினாலே 0.5 சி.சி. போய்விடும். ஆகவே சீவும் வேலை ஏதும் இருந்தால், சீவி முடிந்த பிறகு திரும்ப அளந்து, அதற்குப் பிறகுதான் ஓடர்.

4. பிஸ்டனைத் தெரிவுசெய்யுங்கள்

கணக்கு கையில் இருந்தால் இது அரை மணி நேர வேலை. வேண்டிய விகிதத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். 9.5 வேண்டும் என்றால் 461.2ஐ 8.5ஆல் வகுங்கள், 54.3 சி.சி. இருக்கிற 56.4இலிருந்து 2.1 குறைய வேண்டும், ஆகவே 7க்குப் பதில் ஏறக்குறைய 5 சி.சி. குழியுள்ள பிஸ்டன் வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் தட்டைத் தலைப் பிஸ்டனை வாங்கி, ஹெட் அறையை 47 சி.சி.க்குப் பெருப்பிக்கலாம். வால்வுகளை நெருக்கி நிற்கும் சுவர்களைக் கொஞ்சம் விலக்கினால் காற்றோட்டமும் நன்றாகும். எனக்கு அந்த வழி பிடிக்கும், ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும். தண்ணீர் ஓடும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஹெட்டே போச்சு.

வார்ப்புப் பிஸ்டனா, ஃபோர்ஜ்ட் பிஸ்டனா? வீதியில் ஓடும் காருக்கு, 9.5க்குள் நிற்கும் எஞ்சினுக்கு, நல்ல வார்ப்புப் பிஸ்டன் போதும். ஃபோர்ஜ்ட் செட் இரண்டு மூன்று மடங்கு விலை. சூட்டில் கூட விரியும் என்பதால் போரில் கூட இடைவெளி கேட்கும், குளிர்ந்த எஞ்சினில் தட்டும் சத்தமும் வரலாம். நொக்கிங்கை அது கொஞ்சம் கூடத் தாங்கும், உண்மைதான். ஆனால் நொக் அடிக்கிற எஞ்சினுக்குப் பலமான பிஸ்டன் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து எடுக்காமல் தடித்த போர்வை வாங்குவது போல.

போர் அளவைப் பொறுத்தவரை தேய்மானம் போக எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு. 20இல் தப்பினால் 40க்குப் போகாதீர்கள், 60 கடைசிக்கு இருக்கட்டும். எந்த அளவு இப்போது கையிருப்பில் இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வெட்டும் அளவைத் தீர்மானியுங்கள்.

கேம் மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். சாதாரண எம்.ஜி.பி கேமில் உள்வால்வு மூடுவது பிஸ்டன் அடிப்புள்ளியைக் கடந்து 56 பாகையில். அதுவரை எஞ்சின் எதையும் அமுக்குவதில்லை. இன்னும் தாமதமாக மூடும் கேம் போட்டால் அதே 9.5 கொஞ்சம் மெதுவாக நடந்துகொள்ளும். சாதாரணக் கேமோடு 9.5 என்பதுதான் மேல் எல்லை.

5. ஓடர், பணம், சுங்கம்

எல்லாவற்றையும் ஒரே பொதியில் வரவழையுங்கள்: பிஸ்டன், ரிங், பின், கெஸ்கெட் செட், பெயாரிங், டைமிங் செயின். கூரியர் கட்டணமும் விடுவிப்புக் கட்டணமும் பொதிக்கு ஒரு தடவை. நான் மூன்று பொதியாக இறக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டினேன்.

இங்கிலாந்திலிருந்து வாங்கினால் அந்த நாட்டு 20 சதவீத வற் வரி ஏற்றுமதிக்குக் கழிய வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் இலங்கை முகவரியைப் போட்ட பிறகு விலை குறைகிறதா என்று பாருங்கள், குறையாவிட்டால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

விலைப்பட்டியலில் 'ஓட்டோ பார்ட்ஸ்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். 'பெற்றோல் எஞ்சினுக்கான பிஸ்டன், ரிங்' என்று பொருள் பெயரும், ஒவ்வொன்றின் விலையும், எண்ணிக்கையும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். பெற்றோல் எஞ்சின் பாகங்கள் 8409.91 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் வரும். அந்த எண்ணை விலைப்பட்டியலிலேயே போடச் சொன்னால் தவறான தலைப்பில் விழுந்து இழுபடாது. 'அன்பளிப்பு' என்றோ குறைந்த விலை போட்டோ அனுப்பச் சொல்ல வேண்டாம். பெட்டியின் பாரத்தைக் கண்டதும் திறந்து பார்ப்பார்கள், பிறகு அவர்கள் மதிப்பிடும் விலைக்குத்தான் வரி.

வரி, பொருள் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த தொகையின் மேல் கணிக்கப்படும். சுங்கத் தீர்வை முதலில், அதற்கு மேலே மற்றவை. நான் கட்டியபோது பெறுமதி சேர் வரி 18 சதவீதமும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதமும் அதில் இருந்தன. ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்துக்கும் இவை அசையும், ஆகவே பணம் கட்டும் அன்றைக்கே இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் 8409.91க்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இறக்குமதி அனுமதி தேவையா என்பதற்கான குறியும் அதே அட்டவணையில் இருக்கும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: விலைப்பட்டியல், வங்கி அட்டையில் பணம் போனதற்கான கூற்று, கூரியர் இலக்கம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, வரி செலுத்துநர் அடையாள இலக்கம், வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் கேட்பதில்லை, ஆனால் சொந்தக் காருக்குத்தான் என்று காட்ட எனக்கு உதவியது. கூரியரிலிருந்து தகவல் வந்த அன்றே பதில் போடுங்கள். களஞ்சியக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும்.

நேரக் கணக்கு: ஓடர் கொடுத்து கட்டுநாயக்க வர எனக்கு 12 நாள், விடுவிக்க மேலும் 4 நாள். இரண்டும் சேர மூன்று கிழமை என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. செலவில் பிஸ்டன் செட், வரியோடு சேர்த்தும், மொத்த எஞ்சின் வேலையில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் வெட்டு வேலை, பெயாரிங், ஹெட். பிஸ்டன் விலையை மட்டும் பார்த்துக் காசு ஒதுக்கினால் பாதியில் நிற்பீர்கள்.

6. பிஸ்டன் கைக்கு வரும்வரை போர் வெட்ட விடாதீர்கள்

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தபோது போர் வெட்டும் ஒரு வயதான பாஸ் (மெக்கானிக்) என்னிடம் சொன்னார்: "தம்பி, பிஸ்டனைக் கையில கொண்டு வாங்க. அதை அளந்துதான் நான் போர் பிடிப்பன். கடதாசியைப் பார்த்துப் பிடிக்க மாட்டன்." அவரிடமே வேலையைக் கொடுத்தேன். நீங்களும் இந்தப் பதிலைச் சொல்பவரையே தேடுங்கள். 'பிளொக்கை விட்டுட்டுப் போங்க, 40க்கு வெட்டி வைக்கிறன்' என்று சொல்லும் இடத்தில் பிளொக்கை விடாதீர்கள். 40 என்று பெயர் போட்ட இரண்டு கம்பனிப் பிஸ்டன்கள் ஒரே அளவாக இருக்காது, கேட்கும் இடைவெளியும் ஒன்றாக இருக்காது.

பிஸ்டனை அளக்க வேண்டியது பாவாடைப் பகுதியில் (ரிங்குகளுக்குக் கீழேயுள்ள சுவர்), பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக. தலைப் பகுதி சிறிதாகத்தான் இருக்கும், அதை அளந்து போர் பிடித்தால் இறுகிவிடும். நான்கையும் அளந்து, எது எந்தச் சிலிண்டருக்கு என்று எழுதி, அதன்படி ஒவ்வொரு போரையும் ஹோன் செய்யச் (கல்லால் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவரச்) சொல்லுங்கள். பெட்டிக்குள் வரும் துண்டுக் கடதாசியில் இடைவெளி எழுதியிருக்கும். அதைத் தொலைக்காமல் பாஸிடம் கொடுங்கள்.

ரிங் வாய் இடைவெளியை வீட்டிலேயே பார்க்கலாம். ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளவெடுங்கள். கடதாசியில் வேறு சொல்லாவிட்டால் முதல் ரிங்குக்குப் போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 4 தவ் என்ற கணக்கு, இந்தப் போருக்கு ஏறக்குறைய 0.33 மி.மீ. கம்பிரஷன் கூடினால் சூடும் கூடும், இடைவெளி குறைவாக இருந்தால் ரிங் முனைகள் முட்டிப் போரைக் கீறும்.

புதுப் பிஸ்டன் செட்டின் பாரம் பழையதிலிருந்து வேறாக இருந்தால் நான்கும் ஒரே பாரமா என்றாவது தராசில் போட்டுப் பாருங்கள். ஹெட் அங்கே இருக்கும்போதே புகை வால்வுகளுக்குக் கடினமான சீற் போட்டுவிடுங்கள், ஈயமில்லாத பெற்றோலுக்கு அது தேவை. அறைகளுக்குள் கூரான விளிம்பு இருந்தால் எமெரித் தாளால் மழுக்குங்கள். கூரான விளிம்பு செந்தணலாகி, பிளக் பொறிக்குமுன் தானே பற்றவைக்கும்.

இந்த வேலை எனக்கு மூன்று கிழமை எடுத்தது. சித்திரைப் புத்தாண்டு, வெசாக் கிட்ட வந்தால் ஐந்தாக நினையுங்கள்.

7. பிஸ்டனோடு கூடவே பார்க்க வேண்டியவை

டிஸ்ரிபியூட்டர்தான் முதலாவது. அரை நூற்றாண்டு பழைய லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரில் ஸ்பிரிங் தளர்ந்து, டைமிங் வேண்டியதற்கு முன்பே முழுவதும் முன்னேறிவிடும். 8.0 எஞ்சினில் அது தெரியாது, 9.5இல் உடனே நொக் அடிக்கும். ஸ்பிரிங்கையும் உட்பாரங்களையும் கழுவி, ஸ்பிரிங் மாற்றி, வெற்றிடக் குடுவை காற்றுப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

பிளக் என்.ஜி.கே. பிபி6இஎஸ் போட்டிருந்தால் அதிலேயே தொடங்குங்கள். வேகமாக நீண்ட தூரம் ஓடுவீர்கள் என்றால் ஒரு படி குளிர்ந்த பிபி7இஎஸ். நகர நெரிசலில் மட்டும் ஓடினால் 7 கரி பிடிக்கும்.

ரேடியேட்டரைத் திறந்து கழுவ வேண்டும், கட்டாயம். காலி வீதியில் வெள்ளவத்தை நெரிசலில் 20 நிமிடம் நின்ற பிறகு உள்ளே இழுபடும் காற்றே கொதிக்கும், நொக்கிங் தொடங்குவது அந்தச் சூட்டோடு பச்சை விளக்கு விழுந்து மிதிக்கும்போதுதான். தேர்மொஸ்ராட் 82 பாகைக்குப் பதில் 74 பாகை போட்டேன், எங்கள் காலநிலைக்கு அதுவே சரி. எஸ்.யூ. காபரேட்டர் கலவை ஐதாக, அதாவது பெற்றோல் குறைந்து காற்றுக் கூடியதாக, இருக்கவே கூடாது.

8. ஸ்டார்ட் பண்ணிய பிறகு

20டபிள்யூ-50 ஒயில். முதல் 800 கிலோமீற்றர் ஒரே வேகத்தில் ஓடாமல், கியரை ஏற்றி இறக்கி ஓடுங்கள். பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளை மனுவலில் உள்ள அளவுக்குத் திரும்ப இறுக்கி, டப்பெட் இடைவெளியை 15 தவ்வுக்கு வையுங்கள், ஒயிலை மாற்றுங்கள்.

டைமிங்கைக் காதால் பிடிக்க வேண்டாம். வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் விளக்கை வைத்து, எஞ்சின் 4,000 சுற்றில் மொத்தம் எத்தனை பாகை முன்னேறுகிறது என்று பாருங்கள். 30ஐத் தாண்டாமல் தொடங்குங்கள். பாவித்துப் பார்த்து நொக் இல்லாவிட்டால் மட்டும் 32 வரை கூட்டலாம். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் கலவையைத் திரும்பச் சரிபாருங்கள், ரன்-இன் முடிந்த எஞ்சினில் அது சற்று நகர்ந்திருக்கும்.

கடைசிச் சோதனை ஏற்றம்தான். முதலில் தாங்கியில் 95 மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை இருத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மாவனெல்லை தாண்டிக் கடுகண்ணாவைக்கு மூன்றாவது கியரில் ஏறுங்கள். எஞ்சின் சுற்று குறைந்து அழுத்தம் கூடும் வளைவுகளில்தான் சத்தம் வரும். வந்தால் உடனே காலை எடுத்து, கியரை இறக்கி, மேலே போய் ஓரமாக நிறுத்தி 2 பாகை பின்னுக்கு எடுங்கள். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானில் கருமிளகுத் தூள் போலப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியப் பொட்டுகளோ இருக்கின்றனவா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். இருந்தால் காதுக்குக் கேட்காமலே நொக் அடித்திருக்கிறது. இன்னொரு நாள் 92 ஊற்றி அதே ஏற்றத்தில் ஏறி, எத்தனை பாகையில் அமைதியாகிறது என்று கண்டுபிடித்து, டிஸ்ரிபியூட்டர் அடியில் வெள்ளைப் பெயின்றால் இரண்டாவது கோடு ஒன்று போட்டு வையுங்கள். என் காரில் அந்தக் கோடு 95க்கான கோட்டிலிருந்து 3 பாகை தள்ளி இருக்கிறது. டிஸ்ரிபியூட்டர் போல்ட்டுக்கான ஸ்பானர் எப்போதும் டிக்கியில் கிடக்கும்.